இயர்போனால் செத்தவன் என்று பெயரெடுத்த உனக்கு

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் உன் வாசனை அடித்தது. திண்டிவனத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருக்கிறது. வியர்வை, மல்லிகைப்பூ, வேகவைத்த மல்லாட்டைக் கடலை எல்லாம் கலந்த அந்த வழக்கமான காற்றுக்கு நடுவே பளிச்சென்று தலைவலித் தைலம். புருவத்துக்கு மேலே தேய்த்துத் தேய்த்து நீ ஒரு நடமாடும் மருந்துக்கடையாகவே ஆகியிருந்தாயே, அதே தைலம். நான் சட்டென்று நகர்ந்து ஜன்னலோரம் இடம் விட்டேன். விட்ட பிறகுதான் நீ செத்துப்போனது நினைவுக்கு வந்தது.

வந்து நின்றது உன் மகள். தோளில் உன் பழைய ரெக்ஸின் பை. உள்ளே எப்போதோ பாட்டில் கவிழ்ந்து ஊறியிருக்க வேண்டும். அவள் உன் சர்க்கார் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதே வண்டியில்தான் விழுப்புரம் வருகிறாள். ஆனால் என்னைக் கண்டால் பெட்டியின் அடுத்த தடுப்புக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். மாமா, மாமா என்று என் தொப்பையில் குத்தி விளையாடிய பெண், நீ போன பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார்" என்றாள்.

மாமா சாராகிவிட்டிருந்தேன். பதவி உயர்வு.

"சொல்லும்மா."

"அன்னிக்கி எங்கப்பா காதுல இன்னா கதை ஓடிக்கினு இருந்துச்சு?"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மல்லாட்டைக்காரர் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டார். அவ்வளவு ஆர்வம்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முடிவை முதலில் உளறுகிறவனை ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்பது உன் சட்டம்.

உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. பத்திரிகைகளில் பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் போடுவார்களே துணுக்கு, அதை எழுதிப் பிழைக்கிற ஆள் நான். பிழைக்கிற என்பதுகூடப் பொய், பிழைப்பு டைல்ஸ் கடையில். துணுக்கு வெறும் அரிப்பு. என் மாமியார் இறந்த வீட்டில் நான் அழுதபோது நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், ஏதோ ஜோக் சொல்லப்போகிறேன் என்று. அப்படிப்பட்ட மூஞ்சி எனக்கு. ஆனால் இதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப் போவதில்லை. இதில் இருப்பது வெளியே போனால் உன் வீட்டில் உலை கொதிக்காது என்று உன் மனைவி நினைக்கிறாள். அவள் நினைப்பது சரியா தப்பா என்பதற்கும் வருகிறேன்.

முதலில் 'தூரத்துத் தபால்'. நாம் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலிருந்து மாதம் ஒரு பாக்கெட் நாவலாக பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் விண்வெளிக் கதை. கிரகம் கிரகமாகப் போய்த் தபால் கொடுக்கிற ஓர் ஓட்டைக் கப்பல், வெண்ணிலா என்று ஒரு கேப்டன், முத்திரை என்று ஒரு வாயாடி ரோபோ. எழுதுகிறவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நடுவில் ஆள் மாறிவிட்டார் என்று நீ மட்டும் சத்தியம் செய்வாய்.

"முன்னெல்லாம் கேப்டன் காபி குடிப்பா. இப்ப டீ குடிக்கிறா. ஆளு மாறிட்டான்யா, எழுதி வெச்சிக்கோ."

கதையைப் பரிந்துரைப்பதில் நீ ஒரு லேகியக்காரன். ரயிலில் யாராவது புதிதாக வந்து சிக்கினால் முகத்தை உற்றுப் பார்ப்பாய். "இன்னா, மூஞ்சி தொங்குது? பொண்டாட்டியா, மேனேஜரா?" மேனேஜர் என்று சொன்னால் 'இரண்டு சூரியன்'. அதில் கப்பலுக்கு இரண்டு முதலாளிகள் வந்து ஆளுக்கொரு திசையில் ஓட்டச் சொல்வார்கள். பொண்டாட்டி என்று சொன்னால் நீ ஒன்றும் தரமாட்டாய். "வூட்டுக்குப் போய்ப் பேசுய்யா, இங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்பாய்.

யாராக இருந்தாலும் முதல் கதையிலிருந்து ஆரம்பிக்க விடமாட்டாய். அது உன் இரண்டாவது சட்டம். "முதல்ல எழுதனதெல்லாம் கப்பலை வெளக்கறதுலயே போய்டும். நாம இன்னா கப்பலா ஓட்டப் போறோம்? 'உப்புக் கோள்'லேர்ந்து புடி. மரக்காணத்தை அப்படியே பேத்துக்கினு போயி வானத்துல வெச்சிட்டான்யா." அந்த எழுத்தாளர் மரக்காணம் உப்பளத்தைக் கண்ணால் பார்த்தாரோ இல்லையோ, உன்னால் இந்தத் தடத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கோள் மரக்காணம்தான்.

அப்புறம் அந்த மழைக்காலக் காலை. மயிலம் தாண்டியதும் மேகம் கவிழ்ந்தது. சாரல் அடிக்க, எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடினார்கள். பெட்டியில் விளக்கு எரியவில்லை. எதிரில் இருப்பவன் மூக்கு தெரியாத இருட்டு. அந்த இருட்டில் சரக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சரக். நீ பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாய்.

பேரணியில் யாரோ ஜன்னலைத் தூக்கியதும் வெளிச்சம் வந்தது. நீ புத்தகத்தைச் சரியான உயரத்தில், சரியான சாய்வில் பிடித்துக்கொண்டு, உதட்டில் லேசான சிரிப்போடு உட்கார்ந்திருந்தாய். நல்ல நடிகன். எல்லோரும் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. எவனாவது சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை என்று இப்போது நினைக்கிறேன். சிரித்திருந்தால் உனக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை வந்திருக்கும், சண்டையில் உண்மை வந்திருக்கும். நாங்களோ நாகரிகமானவர்கள்.

அன்றிலிருந்து நம் பெட்டியில் ஒரு விநோத வழக்கம் வந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, தானாக வந்தது. யார் ஏறினாலும் யாராவது ஒருவர் சத்தமாக அறிவிப்பார். "தோ பார்றா, நம்ப டீச்சரம்மா வர்றாங்க, பச்சைப் புடவையில!" நீயும் உடனே, "டீச்சரம்மா, பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்குது" என்பாய். டீச்சரம்மா வெட்கப்படுவார். வெளியூர்க்காரன் எவனாவது பார்த்தால் இந்தப் பெட்டியில் எல்லோருக்கும் கட்டியக்காரன் வேலை போல என்றுதான் நினைத்திருப்பான். விழுப்புரத்தில் இறங்கும்போது என் தோளில் கை போட்டுக்கொள்வாய். நான் ஊர் வம்பு பேசிக்கொண்டே மேம்பாலத்தில் ஏறி இறங்குவேன். வம்பில் ஒரு இழு இழுத்தால் படி வருகிறது என்று அர்த்தம். அந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனை குடும்பங்களைப் பற்றி எத்தனை அபாண்டம் பேசியிருக்கிறேன் தெரியுமா? நரகத்தில் எனக்குத் தனி அண்டா.

உன் கண்ணைப் பற்றி மட்டும் நாம் பேசியதில்லை.

சென்னையில் யாரோ 'தூரத்துத் தபால்' கதைகளை ஒலிநாடகமாக எடுத்துக் கைபேசியில் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு எங்கோ விளக்கு எரிந்தது. ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது? லேகியக்காரனுக்கே லேகியம் விற்பதல்லவா? நாலு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

"யோவ், இதக் கொஞ்சம் கேட்டுப் பாரேன்."

"காதால படிக்கிறதா? தொண்டுக் கெய்வன் கூட படிக்கமாட்டான்யா அப்படி."

"இந்த வண்டி லைட்டு வெளிச்சத்துல யாரால படிக்க முடியுது? எனக்கே பேஜாரா இருக்குது."

வண்டி விக்கிரவாண்டியில் நின்று கிளம்பியது.

"ஆமாம்யா. லைட்டு ரொம்ப மோசம்" என்றாய். "குடு."

லைட்டு மோசம். இரண்டு பேருக்கும் அவ்வளவு போதுமானதாக இருந்தது.

வலது காதுக்கு ஒன்று எனக்கு, இடது காதுக்கு ஒன்று உனக்கு. ஒரே ஒயரில் தொங்கிய இரண்டு கிழடுகள். "புதுசா கல்யாணம் ஆனதுங்க கூட இப்படி ஒட்டிக்கினு கேக்காதுங்க" என்று டீச்சரம்மா கேலி செய்தார். நீ அசரவில்லை. ஒரே மாதத்தில் ஒலிநாடகத்துக்கும் நீயே வைத்தியனாகிவிட்டாய். 'உப்புக் கோள்' நாடகம் புத்தகத்தைவிட நன்றாக இருக்கிறது என்றாய். 'இரண்டு சூரியன்' வேண்டாம், அதில் கப்பல் கதவு திறக்கிற சத்தம் பீரோ திறக்கிற சத்தம் என்றாய். வேற்றுக் கிரகத்துப் புயலைக் கேட்டுவிட்டு, "கிரைண்டர்யா இது. உளுந்து போட்டு அரைச்சிக்கினு இருக்கான்" என்றாய். நடுவில் கேப்டன் வெண்ணிலாவுக்குக் குரல் கொடுத்தவரை மாற்றியபோது நீ நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் மனைவி என்னிடம் வந்து சண்டை பிடித்தாள். நான்தான் மாற்றினேன் என்பதுபோல.

உன் மூன்றாவது சட்டம் அப்போதுதான் வந்தது. நடந்துகொண்டு கேட்கக் கூடாது. பிளாட்பாரத்தில் எவனாவது இயர்போனை மாட்டிக்கொண்டு போனால் அவன் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் திட்டுவாய். "கதைய நடந்துக்கினே கேக்கறவன், சாமி கும்பிட்டுக்கினே பல்லு வெளக்கறவன். உக்காந்து கேளுடா!" வண்டி நின்றதும் முதல் வேலையாக நிறுத்திவிட்டு, ஒயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வாய். நடக்கும்போது உனக்குக் காது வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. அதை எனக்குக்கூட நீ சொல்லவில்லை. நானாகப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

எல்லாவற்றிலும் உனக்கு உயிர் 'பெறுநர் இல்லை'. கப்பல் ஒரு கடைக்கோடிக் கிரகத்துக்கு ஒரு தபாலைக் கொண்டுபோகிறது. போய்ச் சேர்வதற்குள் வாங்க வேண்டியவர் செத்துவிட்டார். திருப்பி அனுப்பலாம் என்றால் எழுதியவரும் செத்துவிட்டார். அவ்வளவு தூரம். எரித்துவிட வேண்டும் என்பது விதி. முத்திரை சொல்லும்: "எரிக்கணும்னு விதி இருக்கு. எரிக்கறதுக்கு முன்னால படிக்கக் கூடாதுன்னு விதி இல்லையே." அப்புறம் அந்தக் கடுதாசியை அது வாசிக்கும். பெரிய காவியம் எதுவும் இல்லை. மோட்டார் ரிப்பேர் செய்தாகிவிட்டது, நீ கோபித்துக்கொண்டு போன விஷயத்தை நான் எப்போதோ மறந்துவிட்டேன், சாப்பிட வா. இவ்வளவுதான். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக் கூட்டம் இறங்குகிற இரைச்சலிலும் நீ அசையாமல் கேட்பாய். முடிந்ததும் தைலத்தை எடுத்துக் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் தேய்த்துக்கொண்டு, "எரியுதுய்யா" என்பாய். தைலத்தால் உனக்கு நடந்த ஒரே நன்மை அதுதான்.

அப்படி ஒரு நாள் தேய்த்துக்கொண்டே சொன்னாய். "நடுவுல ஒரு கறுப்பு வடை நிக்குதுய்யா. சுத்தி லேசா தெரியுது. வடைக்குப் பின்னால இன்னா இருக்குதுன்னுதான் தெரியல." நான் என்ன செய்திருக்க வேண்டும்? நானும் தமாஷ்காரன். "ஓட்டை வடையா, ஓட்டை இல்லாததா?" என்று கேட்டேன். நீ அப்படிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும், "ஆபீசுல தெரிஞ்சா தூக்கிடுவாங்க. பாப்பா படிப்பு முடியட்டும்" என்றாய். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. டாக்டர் என்று நான் வாயைத் திறந்தபோதெல்லாம் வடை எப்படி இருக்கிறது என்று நீயே முந்திக்கொண்டு ஜோக்கடித்து என் வாயை அடைத்தாய். என் ஆயுதத்தாலேயே என்னை.

திண்டிவனத்தில் உன் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். மேம்பாலம் இருந்தது. நீ ஏறமாட்டாய்.

"படிதான்யா எமன். எங்க முடியுதுன்னு அதுக்கே தெரியாது. தண்டவாளம் நேரா இருக்கும். வண்டி வந்தா சொல்லிட்டு வரும்."

நான் முன்னால் ஓடிப்போய் சீட்டுப் பிடிப்பேன். நீ நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி வருவாய். வருடக்கணக்காக இதுதான் ஏற்பாடு.

அன்றைக்கு நம் பாசஞ்சர் உறுமிக்கொண்டு வந்து நின்றது. நான் ஏறிக் கைக்குட்டையை உன் இடத்தில் போட்டேன். நீ கேட்டாய். ஒரு வண்டிச் சத்தம். அது நம் வண்டி, நின்றுவிட்டது, சரி என்று நினைத்துக் காலை வைத்தாய். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுத் தடத்தில் எக்ஸ்பிரஸ் வந்தது. சொல்லிவிட்டுத்தான் வந்தது. நம் வண்டி குறுக்கே பேசிக்கொண்டிருந்ததால் உனக்குக் கேட்கவில்லை.

இதற்குமேல் அந்தக் காலையைப் பற்றி எழுதமாட்டேன்.

மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வந்தாய். என் துணுக்குகள் வருகிற அளவு இடம்தான் உனக்கும். காதில் இயர்போன் மாட்டியபடி தண்டவாளத்தைக் கடந்தவர் ரயில் மோதிப் பலி. வழக்கம்போல் கழுத்தில் ஒயர் இருந்தது, பார்த்தவன் பார்த்ததைச் சொன்னான். யார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எவனுக்குத் தெரியும்? அப்புறம் நீ பாடமானாய். ஸ்டேஷனில் பெற்றவர்கள் பிள்ளைகளின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி, "அந்த ஆளு கதி தெரியுமில்ல?" என்றார்கள். டீக்கடையில், சலூனில், எங்கேயும் நீதான். நடந்துகொண்டு கேட்கிறவனைத் திட்டியே தொண்டை வற்றிய உன்னை, நடந்துகொண்டு கேட்டவன் ஆக்கிவிட்டார்கள்.

எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. கதையைக் காதில் போட்டுக் கொடுத்தவன் நான்தானே? "இயர்போன் எமன் வர்றாரு, இடம் விடு" என்று சீட்டாட்டக் கோஷ்டி சொல்லிச் சிரித்தது. தூக்கிவாரிப் போட்டாலும் சிரித்து வைத்தேன். பெயர் நன்றாகத்தான் இருந்தது, நானே வைத்திருக்கலாம்.

பொறுக்கமுடியாமல் காரியம் முடிந்த அன்றே உன் மனைவியிடம் போனேன்.

"தங்கச்சி, அவன் கதை கேட்டுக்கினு வரல. கண்ணு தெரியாம..."

அவள் சடாரென்று உள்கதவைச் சாத்தினாள். உள்ளே மகள் இருந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. கண்ணுன்ற பேச்சை எடுக்காதீங்க. தெரியாத கண்ண வெச்சிக்கினு எப்படி இத்தினி நாளு சம்பளம் வாங்கினாருன்னு நோண்டுவாங்க. பாப்பாவுக்கு அவரு வேலையக் கேட்டு மனு போட்டிருக்கோம். இயர்போனுன்னு ஊரே சொல்லுது. அப்படியே இருந்துட்டுப் போவுட்டும்."

"எம்மேல இல்ல பழி வருது?"

"உங்களுக்கு இன்னாண்ணே? நீங்க எதையும் தமாஷா எடுத்துக்குவீங்க."

எடுத்துக்கொண்டேன். மகளுக்கும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. சின்னப் பெண், ஆபீசில் வாய்தவறி உளறிவிடுவாள் என்ற பயம். ஆக, உன்னைக் கொன்றது நான் என்று உன் மகள் நம்புகிறாள். உன் மனைவி என்னைப் பார்த்தால் தலை குனிகிறாள். நான் தமாஷாக எடுத்துக்கொள்கிறேன். வேலை உத்தரவும் வந்தது. எல்லோருக்கும் சுபம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உன்னை இவ்வளவு திட்டியிருக்கமாட்டேன். பொங்கல் கூட்டத்தில் ஒருநாள் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒருவர் மடக்குக் கோலோடு நம் பெட்டிக்கு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். விழுப்புரத்தில் பாங்க் வேலை. வருடக்கணக்காக மாற்றுத்திறனாளிகள் பெட்டியில், நமக்கு அடுத்த பெட்டியில், போய் வந்துகொண்டிருக்கிறார். நமக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் ஊர் பேர் சொல்லாமல், 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று உன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வேலைக்குச் சேந்ததுக்கு அப்புறம் கண்ணு போச்சுன்னா தூக்க முடியாது சார். சட்டம் இருக்குது. வேற வேலை குடுக்கணும், அதே சம்பளம். எங்க பாங்க்லயே ஒருத்தர் இருக்காரு."

"தூக்கவே முடியாதா?"

"முடியாது. அவரு யாரையாச்சும் கேட்டிருக்கலாமே சார்."

யாரையாவது. நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீ, பச்சைப் புடவையைப் புகழ்ந்துகொண்டு. ஆயிரம் கோடி மைல் தபால் கொண்டுபோகிற கப்பலை ரசித்தோமே, பக்கத்துப் பெட்டிக்கு ஒரு கேள்வி கொண்டுபோக நாதி இல்லை. இல்லாத ஒரு பூதத்துக்குப் பயந்து நீ பக்கம் புரட்டினாய், நாங்கள் கூவினோம், உன் மனைவி கதவைச் சாத்தினாள். உன் மேல் வந்த ஆத்திரம் அன்று போல என்றும் வந்ததில்லை. உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தைல பாட்டிலாலேயே உன் மண்டையை உடைத்திருப்பேன்.

உன் மனைவியிடம் போய் அந்தச் சட்டத்தைச் சொன்னேன். "இப்ப இன்னாத்துக்குண்ணே அது?" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். உன் மகள் நிற்கிறாள். அப்பா காதில் அன்றைக்கு என்ன கதை ஓடியது?

ஒன்றுமே ஓடவில்லை. ரயிலைக் கேட்டுக்கொண்டிருந்தார் அவள் அப்பா. இதுதான் பதில். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஏன் கேட்க வேண்டும், கண் எங்கே போனது? அதற்கும் பதில் சொன்னால் இன்னொரு கேள்வி: உங்கள் எல்லோருக்கும் தெரியுமா, அம்மாவுக்குமா? அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாள்? இப்போது அவளுக்கு ஒரு ஒயர் மேலும் ஒரு தொப்பைக்காரன் மேலும்தான் கோபம். அது சமாளிக்கக்கூடிய கோபம். பெற்றவர்கள் மேல் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அப்படியானால் ஏதாவது ஒரு கதையின் பெயரைச் சொல்ல வேண்டும். உன் மானம் என் கையில். பீரோ கதவு நாடகத்தைக் கேட்டுக்கொண்டு செத்தான் என்று சொல்ல மனம் வருமா? செத்தது செத்தாய், நல்ல கதைக்குச் செத்ததாகவாவது இருக்கட்டும்.

"'பெறுநர் இல்லை'ம்மா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த தடுப்புக்குப் போய்விட்டாள். தைல வாசனை கொஞ்ச நேரம் நின்றது.

இன்று காலை மறுபடி வந்தாள். எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். பேரணி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன் சார்."

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்குது." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஆனா இதுக்குப் போயி உசுர விட்டிருக்க வாணாம்" என்றாள்.

வாயைத் திறந்தேன். உன் மனைவி சாத்திய கதவு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். அவ்வளவு நல்ல நாடகத்துக்கு அதைவிடக் கேவலமான விமரிசனம் இனி வரப்போவதில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

விக்கிரவாண்டியில் கேட்டாள், முகத்தைத் திருப்பாமலே, வழி கேட்கிறவள் மாதிரி: "அடுத்தது இன்னா கேக்கறது? முதல் கதைலேர்ந்து வரட்டுமா?"

"வாணாம்மா. உங்கப்பன் திட்டுவான். 'உப்புக் கோள்' கேளு."

சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன், என் தொழில் புத்தி. கைபேசியில் தேடி எடுத்தாள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள்.

நான் இப்போதும் ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறேன். இடது பக்கத்து ஒயர் மார்பில் தொங்குகிறது. அதிலும் கதை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சட்டைப் பித்தானுக்கு. பார்க்கிறவர்கள் அந்தப் பக்கம் ரிப்பேர் என்று நினைக்கிறார்கள்.

விழுப்புரத்தில் இறங்கினோம். அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், இரண்டு காதிலும் கதை ஓட. நடந்துகொண்டு கேட்கக் கூடாது என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். "பாப்பா!" என்று கத்தினேன். மூன்று பிளாட்பாரத்து ஜனமும் திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

கூட்டத்தோடு மேம்பாலத்தில் ஏறினாள். என் மூட்டுக்கு அந்தப் படிகள் ஆகாது. நீ போன பிறகு லிப்டுக்குத்தான் போகிறேன். அவள் விறுவிறுவென்று, கீழே குனிந்துகூடப் பார்க்காமல், ஒவ்வொரு படியிலும் சரியாகக் கால் வைத்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. இருந்தாலும் பின்னாலேயே ஏறினேன்.